கில்லார்னி மைதானம்

அயர்லாந்துக்காரர்கள் தங்கள் ஆட்ட மைதானங்களுக்கு ஊர்ப் பெயரை வைத்துத் திருப்தி அடைவதில்லை. பெரும்பாலும் மனிதர் பெயரைத்தான் வைப்பார்கள். டப்ளின் நகரத்துப் பெரிய மைதானம் குரோக் என்ற ஆர்ச் பிஷப்பின் பெயரால் விளங்குகிறது. பெல்பாஸ்டில் இருப்பது, 1916-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்டின் பெயரைத் தாங்கியது. கார்க் நகரத்து மைதானத்துக்கு விளையாட்டுச் சங்கத்தின் காரியதரிசி ஒருவர் பெயர். தர்லஸ் ஊரில் அந்த ஊர் ஆட்டக்காரர் டாம் செம்பிளின் பெயர். தேசப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு மைதானங்களின் பெயர்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனால் போதும். அந்த நாட்டின் நூறு வருஷத்துச் சரித்திரத்தில் பாதி தெரிந்துவிடும்.

மற்றப் பாதி பெயர்ப் பலகைகளில் இல்லை. அந்தப் பாதியைச் சேர்ந்த ஒரு சமாசாரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி என்று ஒரு ஜில்லா. அதில் கில்லார்னி என்று ஓர் ஊர். அழகான ஊர் என்று சொன்னால் போதாது. அழகையே தொழிலாக வைத்துப் பிழைக்கும் ஊர். மூன்று ஏரிகள், அவற்றைச் சுற்றிக் காடு, அதற்கு அப்பால் அயர்லாந்திலேயே உயரமான மலைத்தொடர். 1861-ல் விக்டோரியா மகாராணி வந்து பார்த்துவிட்டுப் போனாள். மகாராணி பார்த்த இடத்தைத் தாமும் பார்த்தாக வேண்டும் என்று அப்புறம் வந்த சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் கணக்கில்லை. இந்த ஊரில் லூயிஸ் ரோடு என்ற சாலையில் இருக்கிறது, பிட்ஸ்ஜெரால்டு ஸ்டேடியம். மைதானத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலைகள் தெரியும். படம் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் அந்த மலைகளின்மேல்தான் கண். அவர்கள் சாதாரணமாகப் பிடிக்காத ஒன்றும் அங்கே உண்டு. மைதானத்தைப் பார்த்தபடி மேட்டின்மேல் நீண்டு கிடக்கும் ஒரு பெரிய கல் கட்டடம். அது ஜில்லாவின் பழைய பைத்தியக்கார ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரிக்கும் மைதானத்துக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்வதற்கு முன்னால் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கேலிக் ஆட்டங்கள் என்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று கேலிக் கால்பந்து. கால்பந்து என்று பெயரே தவிர, பந்தைக் கையாலும் பிடிக்கலாம், தட்டலாம், கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டும் ஓடலாம். மற்றது ஹர்லிங். ஆஷ் மரத்தில் செய்த மட்டையால் பந்தை ஆகாயத்திலேயே அடித்து விரட்டும் ஆட்டம். ஹாக்கி ஆடுகிறவர்கள் முதல் தடவை பார்த்தால் கொஞ்சம் நடுங்கித்தான் போவார்கள். இரண்டுக்கும் பக்கத்துக்குப் பதினைந்து பேர். கோல் கம்பம் இரண்டு தூணும் குறுக்கே ஒரு கட்டையுமாக இருக்கும். குறுக்குக் கட்டைக்குக் கீழே பந்து போனால் கோல். அது மூன்று பாயிண்டுக்குச் சமானம். மேலே போனால் பெரும்பாலும் ஒரு பாயிண்டு. ஆகவே பத்திரிகையில் 3-11 என்று போட்டிருந்தால் மூன்று கோலும் பதினொரு பாயிண்டும், மொத்தம் இருபது என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த ஆட்டங்களை நடத்தும் கேலிக் அத்லெடிக் சங்கம் 1884-ஆம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி தர்லஸ் ஊரில் ஒரு ஓட்டலில் ஆரம்பமாயிற்று. அப்போது நாடு இங்கிலீஷ்காரன் கையில் இருந்தது. அவனுடைய கிரிக்கெட்டும் ரக்பியும் வேண்டாம், நம் பாட்டன் ஆடிய ஆட்டத்தை நாம் ஆடுவோம் என்று கிளம்பிய இயக்கம் அது. சங்கத்து அங்கத்தினர்கள் அந்நிய ஆட்டங்களை ஆடவும் கூடாது, போய்ப் பார்க்கவும் கூடாது என்ற விதியை 1971-ல்தான் எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முப்பதினாயிரம் பேர் முன்னால் ஆடியவன் திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டிருப்பான், அல்லது மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருப்பான். கெர்ரி ஜில்லாவுக்குக் கால்பந்து என்றால் உயிர். 2025 வரை 39 தடவை அகில அயர்லாந்துக் கோப்பையை வாங்கியிருக்கிறார்கள். வேறு எந்த ஜில்லாவும் அதன் கிட்டே வரவில்லை.

மைதானத்துக்குப் பெயர் கொடுத்த டிக் பிட்ஸ்ஜெரால்டு 1882-ல் கில்லார்னியில் பிறந்தவர். 1903-லிருந்து 1914-க்குள் ஐந்து தடவை கோப்பை வாங்கிய கெர்ரிக் கோஷ்டிகளில் இருந்தார். கடைசி இரண்டு தடவை அவரே தலைவர். 1914-ல் கேலிக் கால்பந்து ஆடும் முறையைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அந்த ஆட்டத்தைப் பற்றி வந்த முதல் பாட புத்தகம் அதுதான். அவர் வாழ்க்கையில் ஒரு விநோதம், மைதானங்கள் அவரைத் தொடர்ந்துகொண்டே வந்தன. 1913-ல் ஆர்ச் பிஷப் குரோக்கின் ஞாபகார்த்தமாக ஒரு பந்தயம் நடத்தினார்கள். இறுதியில் கெர்ரியும் லவுத் ஜில்லாவும் மோதின. முதல் ஆட்டம் சமமாக முடிந்துவிட்டதால் மறுபடியும் ஆடினார்கள். கூட்டம் வந்து குவிந்தது. டிக்கெட் பணமும் குவிந்தது. அந்தப் பணம் கையில் இருந்த தைரியத்தில்தான் சங்கம் டப்ளினில் ஜோன்ஸ் ரோடு மைதானத்தை 3,500 பவுனுக்கு வாங்கிக் குரோக் பார்க் என்று பெயர் வைத்தது. அந்தப் பந்தயத்தில் கெர்ரிக்குத் தலைவர் டிக்.

மூன்று வருஷம் கழித்து, 1916-ல் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி நடந்து அடங்கியபின், சர்க்கார் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து வேல்ஸ் நாட்டில் பிராங்கோக் என்ற முகாமில் அடைத்தது. டிக்கும் அதில் ஒருவர். அடைபட்டவர்கள் சும்மா இருப்பார்களா? முகாமுக்குள்ளேயே ஒரு வயல்வெளியில் கால்பந்து ஆடினார்கள். அதற்கும் குரோக் பார்க் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கேயும் கெர்ரிக்காரர்களும் லவுத்துக்காரர்களும் இறுதி ஆட்டம் ஆடினார்கள். கெர்ரி ஒரு பாயிண்டில் ஜெயித்தது. முள்கம்பிக்கு உள்ளே இருக்கும் மனிதனுக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு பந்தும் என்னவெல்லாம் செய்யும் என்பது டிக்குக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

1930-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி, கில்லார்னி நீதிமன்றக் கட்டடத்தின் கூரையிலிருந்து விழுந்து டிக் பிட்ஸ்ஜெரால்டு இறந்துபோனார். அதற்கு இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை டப்ளினில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம். கெர்ரிக் கோஷ்டி அந்தத் துக்கத்தோடு போய் மோனகன் ஜில்லாவை எதிர்த்து ஆடியது. 3-11-க்கு 0-2 என்று ஜெயித்தது. கோப்பை வந்தது, அதைப் பார்க்க அவர் இல்லை.

ஊரார் கூடி அவருக்கு ஞாபகார்த்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். சிலை வைத்திருக்கலாம், கல்வெட்டு வைத்திருக்கலாம். மைதானம்தான் பொருத்தம் என்று முடிவாயிற்று. கமிட்டி போட்டார்கள். கமிட்டிகளின் இயல்பு எங்கும் ஒன்றுதான். தீர்மானம் சீக்கிரம் நிறைவேறும், காரியம் நிறைவேறாது. காரியம் நிறைவேற ஒரு பிடிவாதக்காரர் வேண்டும். இந்தக் கமிட்டியில் அப்படி ஒருவர் இருந்தார்: டாக்டர் ஈமன் ஓசல்லிவன், மேட்டின்மேல் இருந்த ஆஸ்பத்திரியின் வைத்தியர்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். இவர் தகப்பனார் பெயர்போன அத்லெட். 1892 இறுதி ஆட்டத்தில் கெர்ரிக்குத் தலைவராக ஆடியவர். மகன் மனநோய் வைத்தியம் படித்தார். ஆனால் கெர்ரி ஜனங்கள் அவரை டாக்டர் என்று மதித்ததைவிடக் கால்பந்துப் பயிற்சியாளர் என்று மதித்ததுதான் அதிகம். முதல் முதலில் 1924-ல் கோஷ்டியைத் தயார் செய்தார். அப்போது உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கெர்ரியில் அந்தப் போர் நடந்தது போல் வேறெங்கும் அவ்வளவு கொடூரமாக நடக்கவில்லை. அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்ட ஜில்லா அது. சர்க்கார் பட்டாளத்து அதிகாரியான கான் பிராஸ்னனும், எதிர்த்தரப்புப் படையின் தளபதியாக இருந்த ஜான் ஜோ ஷீஹியும் அந்தக் காலத்துக் கோஷ்டியில் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். இப்படிப்பட்டவர்களை ஒரே மைதானத்தில் ஓடவைத்தவர் ஒரு மனநோய் வைத்தியர் என்பதை ஒரு நாவலில் எழுதினால், கொஞ்சம் அதிகம் என்று வாசகர்கள் சொல்லிவிடுவார்கள். 1924-லிருந்து 1962 வரை அவர் கையில் பயிற்சி பெற்ற கோஷ்டிகள் எட்டுத் தடவை கோப்பை வாங்கின.

இனி ஆஸ்பத்திரி. 1852-ல் திறந்தது. பெரிய பஞ்சம் அடங்கிய சமயம்; பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டு, இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பல் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அதற்குப் பின் அயர்லாந்தின் ஜனத்தொகை வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்தது. பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் இருந்தவர்களின் தொகை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. 1950-களின் கடைசியில் முப்பது லட்சத்துக்கும் குறைவான ஜனங்கள் உள்ள அந்தக் குடியரசில் இருபதாயிரம் பேருக்கு மேல் இந்த ஆஸ்பத்திரிகளில் இருந்தார்கள். உலகத்திலேயே அதுதான் அதிக விகிதம். எல்லாரும் பைத்தியமா? 1867-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருந்தது. ஒருவனை 'அபாயகரமான பைத்தியம்' என்று இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகள் கையெழுத்துப் போட்டு நேரே உள்ளே அனுப்பிவிடலாம். இந்த முறை 1945 வரை நீடித்தது. நிலத் தகராறு உள்ள குடும்பத்தில் வேண்டாத தம்பி, கல்யாணம் ஆகாமல் வீட்டில் தங்கிவிட்ட அத்தை, குடித்துவிட்டுக் கத்துகிறவன், ஓயாமல் அழுகிறவள், இவர்களையெல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவதற்கு அது சௌகரியமான சட்டம். உள்ளே போவது சுலபம். வெளியே வருவதற்கு யாராவது வந்து அழைத்துப் போக வேண்டும். யாரும் வராதவர்கள் அங்கேயே நரைத்தார்கள்.

இந்த மதிலுக்குள்ளே ஓசல்லிவன் ஒரு புதுக் கொள்கையைக் கொண்டுவந்தார். நோயாளியைக் கட்டிலில் போட்டு வைத்திருப்பதே நோயை வளர்க்கிறது. அவனுக்கு வேலை கொடு, வேலை அவனை உலகத்தோடு திரும்பவும் முடிபோடும் என்பது அது. ஜெர்மனியில் ஹெர்மன் சைமன் என்ற வைத்தியர் 1920-களில் இதைச் செய்துகாட்டி ஐரோப்பாவெங்கும் பேச்சாக இருந்தது. அயர்லாந்தில் இதை முன்னால் நின்று நடத்தியவர்களில் ஓசல்லிவன் ஒருவர். 1955-ல் இந்தத் தொழில் சிகிச்சையைப் பற்றி ஒரு பெரிய பாட புத்தகமே எழுதினார். தச்சு வேலை, நெசவு, கூடை முடைதல், தோட்ட வேலை இப்படிப் போகும் அந்தச் சிகிச்சை. 1930-களின் நடுவில் அவருக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்று மதிலுக்கு வெளியிலேயே காத்திருந்தது. மைதானம் கட்ட வேண்டும். கமிட்டியிடம் பணம் இல்லை. மேட்டின்மேல் ஆட்கள் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் நோயாளிகள் இறங்கி வந்து மைதானத்தைக் கட்ட உழைத்தார்கள். அந்தக் காலத்து ஸ்டேடியம் என்றால் கான்கிரீட்டும் இரும்பும் அல்ல, மண் வேலைதான். மேட்டை வெட்ட வேண்டும், பள்ளத்தில் கொட்ட வேண்டும், கல் பொறுக்க வேண்டும், ஜனங்கள் நின்று பார்க்கச் சுற்றிலும் கரை எழுப்ப வேண்டும், நடுவில் பந்து ஓடும்படி தரையை மட்டம் செய்து புல் வளர்க்க வேண்டும். கெர்ரியில் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் தொண்டர்களும் கூட உழைத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு அநியாயம் செய்ததாகும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இரண்டாகப் பிளக்கிறது. டாக்டர் நல்லவர் என்பதில் சந்தேகமே இல்லை. 'அபாயகரமான பைத்தியம்' என்று முத்திரை குத்தி அடைத்து வைத்தவர்களின் கையில் கடப்பாரையையும் மண்வெட்டியையும் கொடுத்து, ஊர் நடுவே கொண்டுவந்து நிறுத்த ஒரு தைரியம் வேண்டும். மனிதர்களிடத்தில் நம்பிக்கையும் வேண்டும். பகல் முழுதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு மழையும் மலையும் பக்கத்தில் நிற்பவனின் பேச்சும் மருந்துதான். பிராங்கோக் முகாமில் டிக் பிட்ஸ்ஜெரால்டு ஆடிய ஆட்டம் மருந்து என்றால், இதுவும் மருந்து.

ஆனால் மருந்து சாப்பிடுகிறவனுக்குத்தான் சேர வேண்டும். இங்கே மருந்தின் பலனாக ஊருக்கு ஒரு ஸ்டேடியம் கிடைத்துவிட்டது! அந்த மனிதன் 'இன்று எனக்கு வேண்டாம்' என்று சொன்னால், அது பேச்சு என்று எடுத்துக்கொள்ளப்படுமா, நோயின் குறி என்று எழுதிக்கொள்ளப்படுமா? வைத்தியர், எஜமானர், மைதானக் கமிட்டிக்காரர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும்போது நோயாளி யாரிடம் போய் முறையிடுவான்? கெடுதல் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கையில் இருந்ததால் நன்றாக நடந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். நல்லவர் கையில் இருந்தாலன்றி நன்றாக நடக்காத ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

1936-ஆம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி மைதானம் திறக்கப்பட்டது. கெர்ரி பிஷப்பும் காஷெல் ஆர்ச் பிஷப் ஹார்ட்டியும் வந்து ஆசீர்வதித்துத் திறந்துவைத்தார்கள். கெர்ரியும் மேயோ ஜில்லாவும் ஆடின.

அடுத்த வருஷமே இந்த மைதானத்துக்கு ஒரு யோகம் அடித்தது. டப்ளின் குரோக் பார்க்கில் மைக்கேல் கியூசாக்கின் பெயரால் புதிதாக ஒரு பெரிய ஸ்டாண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். 1937-ல் டப்ளின் கட்டட வேலைக்காரர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். ஸ்டாண்டு அரைகுறையாக நின்றது. அகில அயர்லாந்து ஹர்லிங் இறுதி ஆட்டத்தை எங்கே வைப்பது? கில்லார்னிக்குக் கொடுத்தார்கள். செப்டம்பர் 5-ந் தேதி 43,000 பேருக்கு மேல் கூடினார்கள். ஹர்லிங்கைவிடக் கால்பந்தே பெரிது என்று நினைக்கும் அந்த ஊரில் டிப்பரேரி ஜில்லா 3-11 எடுத்தது. கில்கென்னி 0-3-தான் எடுத்தது. கில்கென்னியின் பிரசித்தி பெற்ற லோரி மாகர் நடுவில் இறங்கிப் பார்த்தும் பயன் இல்லை. அதற்குப் பின் சீனியர் ஹர்லிங் இறுதி ஆட்டம் டப்ளினைவிட்டு வெளியே வந்தது ஒரே ஒரு தடவைதான், 1984-ல் தர்லஸ் ஊருக்கு.

கில்லார்னிக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு மட்டும் அந்த வேலைநிறுத்தத்தின்மேலேயே கண். டப்ளினில் கல் சுமந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தேசத்தின் பெரிய ஆட்டமே இடம் மாறியது. அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாதவர்கள் உழைத்த தரையில் அது வந்து இறங்கியது. அன்றைக்கு யாராவது இதைக் கவனித்துச் சிரித்தார்களா, அழுதார்களா?

1950-ல் நடந்த ஒரு கலாட்டாவையும் சொல்லாமல் போக மனமில்லை. மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் இறுதி ஆட்டம், டிப்பரேரிக்கும் கார்க்குக்கும். டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே. வாங்காதவர்கள் சுவர் ஏறிக் குதித்து அவர்களும் உள்ளே. கரையில் இடம் இல்லாமல் ஜனங்கள் தரைக்கு இறங்கி, ஆட்டக்காரர்களோடு ஆட்டக்காரர்களாக நின்றார்கள். டிப்பரேரியின் கோல் காவலர் டோனி ரெடினுக்குப் பின்னால் கார்க் ரசிகர்கள் கூட்டம். பந்தைத் தடுப்பதா, பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பவனைத் தடுப்பதா? அப்படியும் டிப்பரேரி 2-17-க்கு 3-11 என்று ஜெயித்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் ரெடினுக்கு ஒரு மேலங்கியைப் போர்த்தி, பாதிரிமார்கள் சூழ்ந்து நின்று, அவரையும் ஒரு பாதிரியார் போலவே காட்டித் தப்பவைத்தார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள். மேட்டின்மேல் மதிலுக்குள் இருந்தவர்களுக்கு அன்றைக்குக் கீழே நடந்த கூத்து காதில் விழுந்திருக்கும். யார் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டியவர்கள் என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

பிற்காலத்து வளர்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கான்கிரீட் படிகள் வந்தன, கூரை வந்தது, இருக்கைகள் வந்தன. இப்போது சுமார் 38,000 பேர் கொள்ளும். கெர்ரியும் கார்க்கும் மோதும் மாகாண ஆட்டம் கில்லார்னிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை, ஊரில் நடக்க இடம் இராது. அதே கார்க் நகரத்தில் 2017-ல் தங்கள் மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டி முடித்தார்கள். எட்டுக் கோடி யூரோவுக்கு மேல் செலவாகி, சங்கம் கடனில் மாட்டிக்கொண்டது.

டாக்டர் 1958-ல் கேலிக் கால்பந்தின் கலையையும் சாஸ்திரத்தையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு ஆட்டக்காரனும் தனக்கு விதித்த எல்லையிலேயே நின்று, தன் காரியத்தைத் தவறாமல் செய்ய வேண்டும், கண்டபடி அலையக் கூடாது என்பது அதில் அவர் வற்புறுத்தும் பாடம். ஆஸ்பத்திரிக்கும் கோஷ்டிக்கும் அவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்றுதான் போலிருக்கிறது. 1962-ல் அவருடைய கடைசிக் கோஷ்டி ராஸ்காமன் ஜில்லாவை எதிர்த்து ஆடிய இறுதி ஆட்டத்தில், ஒரு நிமிஷம் ஆவதற்குள்ளேயே கோல் போட்டு ஜெயித்தது. 1966-ல் அவர் காலமானார்.

மேட்டின்மேல் இருந்த ஆஸ்பத்திரியை, 160 வருஷம் நடத்தியபின், 2012-ல் மூடினார்கள். கீழே மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.